நாலு நாடு பார்த்த மூக்கு

உங்களுக்கும் எனக்கும் முகத்தில் இருப்பது வெறும் மூக்கு, கண்ணாடி மாட்ட ஒரு தாங்கல். ஆனால் 'சைனஸ்காரர்' என்று ஓர் இனம் உண்டு. அவர்களுக்கு அது பாஸ்போர்ட். நாடு நாடாக டாக்டரிடம் நீட்டி முத்திரை வாங்கியிருப்பார்கள்.

நியூசிலாந்தில், ஆக்லாந்தின் ஆல்பனியில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் சுந்தரமூர்த்தி இந்த இனத்தில் நன்றாக விளைந்தவர். அவர் எதிரில் மட்டும் தும்மிவிடாதீர்கள். கோயில் அன்னதானத்தில் பக்கத்து இலைக்காரர், யாழ்ப்பாணத்துக் கதிர்காமநாதன் தும்மினார். ஒரே ஒரு தும்மல்.

"எத்தனை வாரமா?"

"இப்பதான் ஐசே. மிளகாய்த்தூள் ஏறிட்டுது."

"அப்படித்தான் ஆரம்பிக்கும். பன்னிரண்டு வாரம் தாண்டினா அது ஜலதோஷம் இல்லண்ணே."

தொடங்கியது உலகச் சுற்றுலா, ஒவ்வொரு டாக்டரின் குரலிலும். சென்னை டாக்டருக்கு அடித்தொண்டைக் குரல்: "காலைல ஸ்கேன், மத்தியானம் ரிப்போர்ட், நாளைக்கே ஆபரேஷன் போட்டுடலாம் சார்." சிங்கப்பூர் டாக்டர் கையில் வரிசையாக ஊசிமுனை குத்திப் பார்த்து, "தூசிப்பூச்சி அலர்ஜி லா." ஆக்லாந்து குடும்ப டாக்டர் புன்னகையோடு, "வைரஸா இருக்கும். பனடோல் மாத்திரை போட்டு ரெண்டு வாரம் பாருங்க." லண்டன் டாக்டரைப் பார்த்தது மச்சினிதான், ஆனாலும் அந்தக் குரலும் வந்தது: "உப்புத்தண்ணி விட்டுக் கழுவுங்க." கதிர்காமநாதன் "ஓம்... ஓம்..." என்று தலையாட்டத் தலையாட்ட அவர் தட்டில் சாம்பார் ஆறி ஆடை கட்டியது.

சிரிக்கலாம். ஆனால் சுந்தரமூர்த்திக்கு வாசனை போய் இரண்டு வருடம். மனைவி தமயந்தி ரசம் தாளித்துவிட்டு அவர் முகத்தையே பார்ப்பாள். அவர் உடனே "சூப்பர்" என்பார். ஒருநாள் அடிப்பிடித்ததற்கும் "சூப்பர்" வந்தது. அதற்குப் பிறகு அவள் அவர் முகத்தைப் பார்ப்பதையே விட்டுவிட்டாள்.

ஏழு மாதம் காத்திருந்து ஸ்பெஷலிஸ்ட் அப்பாயின்ட்மென்ட் கிடைத்தது. இங்கேயும் கையை விரித்தால், இனிப் போக நாடு இல்லை.

டாக்டர் லக்ஷிகா இங்கேயே பிறந்த யாழ்ப்பாணத்துப் பெண். மெல்லிய கேமராக் குழாயை மூக்குக்குள் விட்டுப் பார்த்தார். "வீக்கம் இருக்கு. கட்டி ஒண்டும் இல்ல."

"சென்னைல என்ன சொன்னாங்கன்னா..."

"அங்கிள், மூக்குக்கு ஸ்ப்ரே அடிக்கிறனீங்களா?"

"மூணு வருஷமா. ஒருநாள் தவறினதில்ல."

"ஒருக்கா அடிச்சுக் காட்டுங்கோ."

நாலு நாட்டில் ஒரு நாடும் இதைக் கேட்கவில்லை. சுந்தரமூர்த்தி சங்கு ஊதப்போகிறவர் மாதிரி தலையை அண்ணாந்தார், முனையை நேராக மேலே செருகி அழுத்தினார், பக்கத்து அறைக் குழந்தை அழுகையை நிறுத்தும் அளவுக்கு ஓர் உறிஞ்சு உறிஞ்சினார், கடைசியில் விழுங்கினார்.

"கசக்குதா அங்கிள்?"

"நல்லாக் கசக்கும். வேலை செய்யுதுன்னு அர்த்தம்."

"இல்ல. மூண்டு வருசமா நீங்க மருந்தைக் குடிச்சிருக்கிறீங்க."

சுந்தரமூர்த்தியின் தொண்டைக்குள் இருந்த நாலு நாட்டு டாக்டர்களும் மூட்டை கட்டினார்கள்.

"முதல்ல காய்ச்சி ஆறின உப்புத்தண்ணியால கழுவுங்கோ. பிறகு தலையைக் குனிஞ்சு, வலது கையால இடது மூக்கு, இடது கையால வலது மூக்கு. முனை காதுப் பக்கம். உறிஞ்சக் கூடாது. ரெண்டு மாசம் செய்யுங்கோ. சரிவராட்டி ஸ்கேன், ஆபரேஷன் கதைப்பம்."

ஏழாவது வாரம், சனிக்கிழமை காலை. ஹாலில் உட்கார்ந்திருந்தவர் சமையலறைப் பக்கம் திரும்பினார். "தமயந்தி, பெருங்காயம் கொஞ்சம் ஜாஸ்தியோ?"

அவள் அடுப்பை அணைத்தாள். "என்ன கேட்டீங்க? இன்னொரு தடவை கேளுங்க."

கேட்டார். இரண்டு தரம்.

இதோடு திருந்தியிருப்பார் என்றா நினைத்தீர்கள்? இப்போது பஸ்ஸில் தும்முகிற அந்நியருக்கெல்லாம் குனியச் சொல்லி வகுப்பெடுக்கிறார். இன்றுவரை யாரும் அடிக்கவில்லை.

போகட்டும். மேலே அந்த டாக்டர் சொன்னதைப் படித்தபோது உங்கள் வலது கை இடது மூக்குப் பக்கம் போய் ஒத்திகை பார்த்ததே, அது என்ன? அதைவிட முக்கியம், யாருக்குச் சொல்லிக்கொடுக்க இப்போது போனைத் தேடுகிறீர்கள்?