மூன்றிதழ் கேக்

கேக் சின்னதாக இருந்தது.

கல்லூரி அரங்கின் ஓரத்தில் இரண்டு மேஜைகளைச் சேர்த்துப் போட்டு அதன்மேல் வைத்திருந்த மூன்றிதழ் பூ வடிவ கேக்கைப் பேராசிரியர் மூன்று பக்கமிருந்தும் பார்த்துவிட்டார். எந்தப் பக்கமிருந்து பார்த்தாலும் சின்னதாகத்தான் இருந்தது.

"ஏங்க, இதுவா நூத்திருபது பேருக்கு?" என்றாள் மனைவி.

"கண்ணு ஏமாத்தும். கணக்கு ஏமாத்தாது."

மணி மூன்று. நான்கு மணிக்கு அவருக்குப் பிரிவு உபசார விழா. முப்பது வருடம் கணக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டு ஓய்வு பெறுகிறார். மேடையில் ஒரு கேடயம் துணி மூடிக் காத்திருந்தது. அதில் 'முப்பதாண்டுப் பணி, ஒரு பிழையும் இல்லை' என்று பொறித்திருப்பது ஊரறிந்த ரகசியம். வாசகத்தை எழுதிக் கொடுத்தவரே அவர்தான்.

கேக்கின் வடிவமும் அவர் யோசனையே. துருவ வளைவுகளில் அவருக்குச் செல்லப்பிள்ளை இந்த மூன்றிதழ் பூ. நடுப்புள்ளியில் நின்று, கோணம் திரும்பத் திரும்ப எவ்வளவு தூரம் போக வேண்டும் என்று ஒரு சமன்பாடு சொல்லும். அதன்படி போனால் பூ வந்துவிடும். பூவின் பரப்பு வேண்டுமென்றால், கோணம் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று இரண்டு எல்லைகளைப் போட்டுத் தொகையிட வேண்டும். பூஜ்யத்தில் தொடங்கி முழுச்சுற்று, அதாவது இரண்டு பை வரை என்பது அவர் போட்ட சட்டம். எவனாவது அரைச்சுற்றிலேயே, வெறும் பையிலேயே முடித்து விடை எழுதினால், சிவப்பு மையில் பெரிதாக ஒரு சைபர் போட்டு, 'பாதியில் நிறுத்தாதே!' என்று பக்கத்தில் எழுதுவார். அதோடு விடாமல் வகுப்பில் எல்லோருக்கும் படித்தும் காட்டுவார்.

ஆளுக்கு ஏழு சென்டிமீட்டர் சதுரத்தில் ஒரு துண்டு, நூற்றிருபது பேர். அதற்கு ஒவ்வொரு இதழும் அறுபத்திரண்டு சென்டிமீட்டர் நீளம் வேண்டும் என்று தொகையிட்டு, படம் வரைந்து, அடியில் கையெழுத்தும் போட்டு பேக்கரிக்கு அனுப்பியிருந்தார்.

"நேத்தே போன்ல சொன்னேனே சார்," என்றார் பேக்கரிக்காரர். நாற்பது வயதிருக்கும். கைகளை ஏப்ரனில் துடைத்துக்கொண்டே இருந்தார். "இது அறுபது பேருக்குத்தான் வரும்."

"எதை வெச்சு சொல்றீங்க?"

"மாவு சொல்லுது சார். பாதிதான் பிடிச்சுது."

"நீங்க மாவைப் பாருங்க. கணக்கை நான் பாத்துக்கறேன். அளவுல எங்கயோ கை வெச்சிருக்கீங்க, அதான் விஷயம்."

பேக்கரிக்காரர் அளவு நாடாவை எடுத்து நீட்டினார். பேராசிரியர் மூன்று இதழ்களையும் அளந்தார். அறுபத்திரண்டு, அறுபத்திரண்டு, அறுபத்திரண்டு. நூலிழை பிசகவில்லை. மன்னிப்புக் கேட்டிருக்கலாம். அந்தப் பழக்கம் அவருக்கு இல்லை, இதுவரை தேவைப்பட்டதில்லை.

"சரி, வெட்டிப் பாத்துடுவோம்," என்று கத்தியை எடுத்தார்.

"ஐயோ, தாளாளர் வெட்ட வேண்டிய கேக்குங்க!"

"அவருக்கு ரெண்டு இதழ் இருக்கே. ஒரு இதழுக்கு நாப்பது துண்டு வரணும். எண்ணிக்கோ."

வெட்டினார். மனைவி எண்ணினாள். பதினெட்டு, பத்தொன்பது, ஓரத்தில் மீந்த தூள்களை ஒட்டவைத்து இருபது. அதோடு இதழ் தீர்ந்துவிட்டது.

"இன்னொரு தரம் எண்ணு."

"கேக்கை எண்ணுறதா, இருக்கற மானத்தை எண்ணுறதா?" என்றாள் மனைவி. "பேசாம துண்டைச் சின்னதா வெட்டிடலாங்க. யாரு அளந்து பாக்கப் போறாங்க?"

"நான் பாப்பேன்!"

துண்டு குறைகிறது, இதழ் சரியாக இருக்கிறது. அப்படியென்றால் குறை எங்கே? கணக்கில் என்ற பதில் எட்டிப் பார்த்தது. அதை வாசலிலேயே மறித்துத் துரத்தினார்.

"நிரூபிச்சுக் காட்டறேன்," என்று சாக்பீஸையும் ஒரு கயிற்றையும் எடுத்தார். "நீ நடுவுல நில்லு. கயித்து முனையைப் பிடிச்சுக்கிட்டு, நான் சொல்லச் சொல்ல மெதுவாத் திரும்பணும். மேடையைப் பாத்து ஆரம்பி. முழுசா ஒரு சுத்து சுத்தி மறுபடி மேடையைப் பாக்கும்போது பூ முடியும்."

"ஐம்பத்தெட்டு வயசுல என்னைப் பம்பரமாக்கறீங்க."

"திரும்பு."

மேடைப் பக்கத்து இதழின் நுனியில் தொடங்கினார். கயிற்றில் தூரத்தை அளந்து, பத்துப் பத்து பாகையாகப் புள்ளி வைத்துக்கொண்டே வந்தார். சீக்கிரமே நடுப்புள்ளிக்கு வந்துவிட்டார். அதன்பின் சமன்பாட்டில் தூரம் மைனஸாகியது.

"எங்க போறீங்க?"

"மைனஸ்ல உன் முதுகுப் பக்கம் வரணும். நீ திரும்பிப் பாக்காதே, நேராப் பாரு."

மனைவி ஒரு பக்கம் பார்க்க, இவர் அவள் முதுகுக்குப் பின்னால் சாக்பீஸோடு குனிந்தபடி பின்வாங்கிக்கொண்டே போனார். பின்னால் மேஜை இருப்பது சமன்பாட்டில் இல்லை. இடுப்பு இடித்தது, கை தடுமாறியது, முழங்கை வரை இரண்டாவது இதழுக்குள் இறங்கியது.

"சார்!" என்று பேக்கரிக்காரர் பாய்ந்து வந்து மேஜையைப் பிடித்துக்கொண்டார்.

"பரவாயில்லை, பரவாயில்லை. கணக்கு கலையக் கூடாது," என்று க்ரீம் சொட்டும் கையோடு பேராசிரியர் மறுபடி தரையில் குனிந்தார். ஓர் இதழ் முடிந்தது. அடுத்த இதழும் முடிந்தது. பிறகு முதல் இதழின் மிச்சப் பாதி. கடைசிப் புள்ளி வைத்தபோது, புறப்பட்ட அதே நுனியில் நின்றிருந்தார்.

"ஏங்க," என்றாள் மனைவி. அவள் வாசலைப் பார்த்து நின்றிருந்தாள். "நான் இன்னும் பாதிதானே திரும்பியிருக்கேன்? பூ முடிஞ்சிடுச்சு போலிருக்கே?"

"திரும்பு, திரும்பு. பாதியில நிறுத்தக் கூடாது."

அவள் திரும்பினாள். அவர் அடுத்த புள்ளியை வைத்தார். அங்கே ஏற்கெனவே ஒரு புள்ளி இருந்தது. அதற்கடுத்த இடத்திலும் இருந்தது. வைக்கிற ஒவ்வொரு புள்ளியும் பழைய புள்ளியின் தலையிலேயே விழுந்தது. புதிதாக எதுவும் வரவில்லை. போட்ட கோட்டையே மறுபடி போட்டுக்கொண்டிருந்தார்.

சாக்பீஸ் கையிலிருந்து நழுவியது. பேராசிரியர் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். அரைச்சுற்றிலேயே பூ முடிந்துவிடுகிறது. முழுச்சுற்று போனால் அதே பூவை இரண்டு தரம் எண்ணுகிறோம்.

நாலிதழ் பூவுக்கு முழுச்சுற்று சரி. வேலைக்குச் சேர்ந்த வருடம் நாலிதழுக்குப் போட்ட எல்லைகளை மூன்றிதழுக்கும் அப்படியே குறிப்பேட்டில் இறக்கியிருந்தார். அதன்பின் குறிப்பேடு பழுப்பேறியதே தவிர, யாரும் கேள்வி கேட்கவில்லை. கேட்டவர்களுக்கு சைபர் கிடைத்தது. முப்பது வருடம்! எத்தனை பேர் பாதியில் நிறுத்தினார்கள்? எத்தனை சிவப்பு சைபர்?

"என்னங்க, முகம் இப்படி வெளுத்துப் போச்சு?"

"பாதிதான்," என்றார் அவர். "அவங்க எழுதினதுதான் சரி."

அட்டெண்டர் அம்மா கதவைத் திறந்து தலையை நீட்டினார். "சார், தாளாளர் கார் கேட்டுக்குள்ள வந்துடுச்சு. கேடயத்துத் துணியை எடுத்துடலாமா?"

"எடுக்காதீங்க!" என்று பேராசிரியர் போட்ட சத்தத்தில் அந்தம்மா கதவைச் சாத்திக்கொண்டு ஓடிவிட்டார்.

ஒரு இதழ் துண்டு துண்டாக, ஒரு இதழில் முழங்கைப் பள்ளம், வரப்போவது நூற்றிருபது பேர். மனைவி பேக்கரிக்காரரைப் பார்த்தாள். "தம்பி, கடையில ரெடியா ஏதாவது இருக்கா?"

"ஒரு நிமிஷம்மா," என்று அவர் வெளியே போனார். வேன் கதவு திறக்கும் சத்தம் கேட்டது. திரும்பி வரும்போது அவரும் டிரைவருமாக ஒரு பெரிய தட்டைத் தூக்கி வந்தார்கள். மூடியை எடுத்தார். உள்ளே இன்னொரு மூன்றிதழ் பூ. அச்சு அசலாக அதே அளவு. இதழுக்கு அறுபத்திரண்டு.

பேராசிரியர் அதையும் தரையிலிருந்த பூவையும் மாறி மாறிப் பார்த்தார். மெல்ல எழுந்து, க்ரீம் கையாலேயே பேக்கரிக்காரரின் தோளைப் பிடித்தார்.

"சரியா இன்னொரு பூ தேவைப்படும்னு உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது? அதையும் மாவா சொல்லுச்சு?"

பேக்கரிக்காரர் கைகளை ஏப்ரனில் துடைத்துக்கொண்டார்.

"மாவு என்னத்தைச் சொல்லும் சார்? இதே கணக்கைப் பாதியில நிறுத்தினேன்னு பதினெட்டு வருஷத்துக்கு முன்னாடி நீங்க சைபர் போட்டதாலதானே நான் பேக்கரிக்கே போனேன்!"