துபாய்க்குப் போன சேகர்

தமிழ்த் தொடர்கதை உலகில், எழுதியவரைவிட அதிகமாக எழுதிய ஒரே வாசகி எங்கள் ‘தொடரும் அக்கா’தான்.

பூனாவில் கட்கி ஆயுதத் தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸில் எங்கள் வரிசை முழுக்கத் தமிழ் வீடுகள். ஆனால் பெண்கள் அத்தனை பேரும் அங்கேயே பிறந்து மராத்திப் பள்ளியில் படித்தவர்கள். தமிழில் சண்டை போட வரும், படிக்க வராது. திருப்பத்தூரிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்த அக்காவுக்கு மட்டும்தான் தமிழ் எழுத்து தெரியும். ரயிலேறித் தாமதமாக வந்து சேரும் வார இதழை மடியில் வைத்துக்கொண்டு சனிக்கிழமை மத்தியானம் அவர் உட்கார்ந்தால், அது ராஜ தர்பார்.

வில்லிக்கு மூக்கால் பேசுவார், மாமனாருக்கு இருமுவார், கதை சூடு பிடிக்கிற இடத்தில் "தொடரும்!" என்று பட்டென்று மூடுவார். இந்த வியாதி வீட்டுப் பேச்சிலும் தொற்றிக்கொண்டது. "ரேஷன் கடையில குடுமிப்பிடி சண்டை. போலீஸ் வந்துச்சு, ஒருத்தி மண்ணெண்ணெ டின்னைத் தூக்கினா... தொடரும்!" என்று சொல்லிவிட்டு அரிசி களையப் போய்விடுவார். அக்காவின் தம்பி கல்யாணம் ஏன் நின்றது என்று அவர் வீட்டுக்காரருக்கே இன்றுவரை தெரியாது.

வருஷக்கணக்கில் ஓடிய ஒரு குடும்பக் கதையில் நாயகன் சேகரின் ஜீப் மலைப்பாதையில் உருண்டது. அடுத்த வாரம் அக்கா இதழைப் பிரித்தார், கொஞ்ச நேரம் பார்த்தார், தொண்டையைச் செருமினார். சேகர் பிழைத்துவிட்டான். அதற்கடுத்த வாரமே துபாயில் வேலை கிடைத்துப் போயும் விட்டான். அப்புறம் நாயகி சமைக்கும்போது, அழும்போது, மாமியாரிடம் திட்டு வாங்கும்போதெல்லாம் துபாயிலிருந்து போன் வந்தது. "போன் பில்லுக்கே இவன் சம்பளம் பத்தாதே" என்று என் அம்மா கவலைப்பட்டாள். கதை முடிந்தபோதும் அவன் துபாயிலேயே இருந்தான்.

சில வருஷம் கழித்துக் கேபிளில் தமிழ்ச் சேனல் வந்தது. அந்தக் கதையையே சீரியலாக எடுத்தார்கள். எங்கள் வீட்டு டிவி முன்னால் வரிசையே கூடியது. ஜீப் உருண்டது. மறுநாள் சேகர் போட்டோவுக்கு மாலை போட்டுவிட்டார்கள்.

"அரே தேவா! இன்னாக்கா இது? துபாய்ல இருக்கறவனுக்கு மாலை போட்டுட்டாங்க?" என்று அலறினாள் அம்மா.

அக்கா அசரவில்லை. "நடிக்கறவன் சம்பளம் ஜாஸ்தி கேட்டிருப்பான், கொன்னுட்டானுங்க. கதையில அப்பிடியா இருக்குது?" என்றவர், தொடரைக் கிழித்துத் தைத்து பைண்டு பண்ணி வைத்திருந்த புத்தகத்தையே கொண்டுவந்து விரித்தார். "நீங்களே பாருங்க!"

யாருக்குப் படிக்க வரப்போகிறது என்ற தைரியம். பக்கத்து வீட்டுக்குக் கோயம்புத்தூரிலிருந்து புது மருமகள் வந்திருந்ததை மறந்துவிட்டார். அவள் குனிந்து படித்தாள். "ஏனுங்க்கா, இதுலயும் செத்துத்தானுங்க போறாரு. துபாயே வரலீங்களே!"

சபை கொதித்தது. "எல்லாம் புளுகா? இனிமே உன் வாயால ஒரு கதை கேக்க மாட்டோம்" என்றாள் அம்மா. அக்கா முந்தானை நுனியைத் திருகிக்கொண்டு நின்றார். பிள்ளை குட்டி இல்லாத அந்த மனுஷிக்குச் சனிக்கிழமையை விட்டால் வேறென்ன இருந்தது? எனக்கே பாவமாகிவிட்டது.

மூலையிலிருந்து எங்கள் வரிசைப் புஷ்பா எழுந்தாள். சேகர் பிழைத்த அந்த மாதம் எல்லையில் சண்டை. ராணுவத்திலிருந்த அவள் புருஷனைப் பற்றித் தகவலே இல்லை. அக்காவின் முழங்காலை ஒட்டி உட்கார்ந்து கதை கேட்டவள் அவள். புருஷன் பிறகு நல்லபடியாகத் திரும்பி வந்தான். அவள் போய் டிவியை அணைத்தாள்.

"அவனுங்க சேகரு செத்தா சாவட்டும். நம்ம சேகரு துபாய்லேர்ந்து எப்ப வர்றான்? அதைப் படிக்கா."

புது மருமகள் புத்தகத்தை மூடி அக்காவிடமே கொடுத்தாள். அக்கா மூக்கை உறிஞ்சிக்கொண்டு ஏதோ ஒரு பக்கத்தைப் பிரித்தார். பெட்டி நிறைய சோப்பும் சென்ட்டுமாகச் சேகர் அன்றைக்கு வந்து இறங்கினான். சண்டை போட்ட என் அம்மாதான் முதலில் அழுதாள்.

அதற்கப்புறம் எத்தனையோ பெரிய எழுத்தாளர்களைப் படித்துவிட்டேன். யாரையாவது சாகடிக்கப் போகிறார்கள் என்று தெரிந்தால் போதும், அந்தப் பக்கத்தை மட்டும் அக்கா படித்தால் தேவலையே என்றிருக்கிறது.