முன்னாள் ஹவில்தார் மூக்கையா சொன்ன கருத்து

ஞாயிற்றுக்கிழமைக்குள் அந்த நாவலைப் படித்து முடித்தே தீருவது என்று மூக்கையா திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு முடிவெடுத்தார். ஏழே காலுக்குக் குறட்டை விட்டார்.

அது லேசுப்பட்ட நாவல் இல்லை. தொள்ளாயிரத்துப் பன்னிரண்டு பக்கம். கையில் பிடித்தால் மணிக்கட்டு வலிக்கும். நெஞ்சில் சாய்த்தால் மூச்சு முட்டும். போர் முடிந்து ஊர் திரும்பிய மூன்று பட்டாளத்துக்காரர்களுக்கு, போரில் செத்துப்போன நாலாவது ஆளின் கையெழுத்தில் வாராவாரம் கடிதம் வருகிறது. எழுதுவது யார்? இதுதான் கதை. இந்த அளவுக்குத் தெரிந்ததுகூட மூக்கையா பின்னட்டையைப் படித்ததால்தான்.

ராமநாதபுரத்தில் வாசகர் வட்டம் நடத்தும் சதக்கத்துல்லா வாத்தியார் போன வாரம் போன் செய்திருந்தார்.

"ஹவில்தார் சார், இந்தத் தடவை பட்டாளத்து நாவல். ஆளுக்கொரு கருத்து சொல்லி அடிச்சுக்கிறாங்க. நம்ம வட்டத்துல களம் கண்ட ஒரே ஆள் நீங்கதான். நீங்க வந்து சொன்னாத்தான் சரியா இருக்கும்."

மூக்கையா கண்ட ஒரே களம், கமுதிக்குப் பக்கத்தில் அவர் வீட்டுப் பின்னால் இருக்கும் மிளகாய்க் களம். பதினேழு வருஷம் பட்டாளத்தில் இருந்தது மெய். அந்தப் பதினேழு வருஷமும் வடக்கே ஒரு கிடங்கில் உட்கார்ந்து சிப்பாய்களுக்குக் காலுறை வழங்கிக்கொண்டிருந்ததும் மெய். ஊருக்கு வந்தபின் பனி, குண்டு, பதுங்குகுழி என்று அவர் சொன்னதையெல்லாம் ஊர் நம்பியது. மனைவி ஈஸ்வரி மட்டும் ஒன்றும் சொல்லாமல் சோறு போட்டாள். காலுறை கொடுத்த ஆளிடம் இப்போது கருத்துரை கேட்கிறார்கள். முடியாது என்று எப்படிச் சொல்வது?

வியாழக்கிழமை வந்தது. புத்தகம் மட்டும் மூக்கையாவின் தலைமாட்டில் இல்லை. தேடிக்கொண்டு பின்னால் போனார். முண்டு மிளகாய் வத்தல் களத்தில் காய்ந்துகொண்டிருந்தது. வேம்பு நிழலில் ஈஸ்வரி காலை நீட்டி உட்கார்ந்து, கடைசிப் பத்துப் பக்கத்தில் இருந்தாள்.

"ஏய், அதை எதுக்கு எடுத்த?"

"தலகாணி இல்லாம ஒங்களுக்குத் தூக்கம் வரலையாக்கும்?"

"நான் வாசிச்சு முடிச்சாச்சு. சும்மா இன்னொரு தடவ பாக்கலாம்னு..."

"அப்பிடியா? கடைசில அந்தக் கடுதாசிய எழுதுனது யாரு?"

மூக்கையா வானத்தைப் பார்த்தார். மேகம்கூடக் கைகொடுக்கவில்லை.

"நீ சொல்லு. சரியா வாசிச்சிருக்கியான்னு பாப்போம்."

ஈஸ்வரி புத்தகத்தை மூடி மடியில் வைத்தாள். "சொல்றேன். அந்த வத்தலக் கொஞ்சம் பெரட்டி விடுங்க. எனக்கு இடுப்பு வலிக்கு."

அன்றைக்குக் களம் முழுவதும் புரட்டினார். மறுநாள் தரம் பிரித்தார். சனிக்கிழமை மூட்டை கட்டினார். அவர் தும்மத் தும்ம, அவள் சொல்லச் சொல்ல, கதை நகர்ந்தது.

"கேட்டுக்கோங்க. மூணு பேருல ஒருத்தன், காப்டன். அவனேதேன் தனக்கும் மத்த ரெண்டு பேருக்கும் எழுதிக்கிட்டு இருக்கான்."

"அச்சூ! அவனேவா? அவனுக்கே தெரியாதா?"

"தெரியாது. மனசு ரெண்டா ஒடைஞ்சு கெடக்கு. இங்கன, இந்த மூலையப் பெரட்டல பாருங்க."

"பெரட்டுறேன். ஒன் கருத்து என்ன, அதச் சொல்லு."

"என் கருத்து ஒங்களுக்கு எதுக்கு?"

"சும்மாத்தேன். அச்சூ! ஒத்துப்போகுதான்னு பாக்க."

ஈஸ்வரி ஒரு வத்தலை எடுத்துக் காம்பைக் கிள்ளினாள். பிறகு மெதுவாகச் சொன்னாள். "எல்லாரும் எழுதுனது யாருன்னு தேடுறாக. அந்த வீட்டுல ஒருத்தி இருக்காள்ல? தெனம் அவனுக்குச் சோறு போடுறவ. செத்தவன் எழுத்து மாதிரியே எழுதுனாலும், அவன் கையெழுத்து அவளுக்குத் தெரியாமயா இருக்கும்? மொதக் கடுதாசியிலயே தெரிஞ்சிருக்கும். சொல்லல. சொன்னா அவன் ஒடைஞ்சு போவான்னு சொல்லல. தொள்ளாயிரம் பக்கத்துல அவளுக்கு நாலு பக்கம்கூட இல்ல. அதுதேன் இந்தப் புஸ்தகத்துல கொற."

மூக்கையா அவசரமாகக் கையைத் துடைத்துவிட்டு உள்ளே போய் அத்தனையையும் தாளில் எழுதிக்கொண்டார். மிளகாய்க் கையோடு கண்ணைக் கசக்கியதால், எழுதி முடிப்பதற்குள் ஒரு பானைத் தண்ணீர் காலியானது.

ஞாயிற்றுக்கிழமை, "நீ எதுக்கு அலையுற?" என்றார். "ராம்நாட்டுல எனக்கும் ஒரு வேல இருக்கு" என்று ஈஸ்வரியும் பஸ் ஏறினாள்.

கூட்டத்தில் முப்பது பேர் இருந்தார்கள். வாசலில் கொடுத்த அச்சுத் தாளை ஆளுக்கொன்று கையில் வைத்திருந்தார்கள். மூக்கையா, தான் எழுதி வைத்த தாளே போதும் என்று வாங்கவில்லை. வாசகர்கள் முதலில் பேசினார்கள். ஒருவர், எண்ணூறு பக்கத்தை வெட்டிவிட்டால் அருமையான சிறுகதை என்றார். ஒருவர், படித்ததிலிருந்து தபால்காரரைக் கண்டாலே வியர்ப்பதாகச் சொன்னார். ஒரு அம்மாள், யார் செத்தாலும் பரவாயில்லை, அந்த நாயைக் கொன்றிருக்கக் கூடாது என்று கண் கலங்கினார். அது என்ன நாய்? ஈஸ்வரி நாயைப் பற்றி மூச்சுவிடவில்லையே!

அவர் முறை வந்தது. மேடையேறி, நெஞ்சை நிமிர்த்தினார்.

"நண்பர்களே! எல்லாரும் எழுதினது யார் என்று தேடுகிறார்கள். அந்த வீட்டில் ஒருத்தி இருக்கிறாளே, அவளை யார் தேடினார்கள்?"

எல்லாரும் குனிந்து தாளையே பார்த்தார்கள். உருகிப்போய்விட்டார்கள் என்று மூக்கையா நினைத்தார். குரலை இன்னும் ஏற்றினார்.

"முதல் கடிதத்திலேயே அவளுக்குத் தெரிந்திருக்கும். ஆனாலும் சொல்லவில்லை. ஏனென்றால்..."

இங்கே மறந்துவிட்டது. தாளைப் பார்த்தார். தும்மலில் மை கலைந்து கிடந்தது.

"சொன்னால் அவன் உடைந்துபோவான்!" என்று மூன்றாவது வரிசையிலிருந்து ஒருவர் எடுத்துக் கொடுத்தார்.

"நன்றி" என்றார் மூக்கையா. அதன்பிறகுதான், அந்த ஆளுக்கு எப்படித் தெரியும் என்று யோசித்தார்.

முன்வரிசையில் இருந்த ஜஸீலா டீச்சர் எழுந்தார். கையில் அதே தாள். "சார், நீங்க பேசுறது இதுல முதல் கருத்தா அப்படியே அச்சாகியிருக்கு. 'ஈஸ்வரி, கமுதி'ன்னு போட்டிருக்கு."

மூக்கையாவின் மூக்கு நுனி வத்தலை விடச் சிவந்தது. சதக்கத்துல்லா வாத்தியார் தலையைச் சொறிந்தார். "வாட்ஸப்புல வந்த கருத்துலயே இதுதான் சிறந்ததுன்னு அச்சடிச்சோம்... யாரு இந்த அம்மா?"

கடைசி வரிசையில் ஈஸ்வரி எழுந்தாள். மூக்கையா கண்ணை மூடிக்கொண்டார். காலுறை, கிடங்கு எல்லாம் இப்போது அவிழப்போகிறது.

"நாந்தேன். அவரு சம்சாரம்" என்றாள் அவள். "நாங்க ரெண்டு பேரும் பேசிப் பேசித்தேன் எழுதுனோம். பட்டாளத்து ஆளு பேருல போனா எல்லாரும் மறுத்துப் பேசத் தயங்குவாக, ஒன் பேரப் போடுன்னு சொன்னதே அவருதேன்."

கைதட்டல் ஓயவே இல்லை. 'மாஷா அல்லாஹ்' என்று வாத்தியார் பொன்னாடையைப் போர்த்தினார். மூக்கையாவுக்குப் போன உயிர் வந்தது. வந்த உயிர் நிலைப்பதற்குள் ஜஸீலா டீச்சர் மறுபடியும் எழுந்தார்.

"ரொம்ப சந்தோஷம் சார். ஒரே ஒரு சந்தேகம். நாற்பதாவது அத்தியாயத்துல காப்டன் அந்த நாயை ஏன் சுடுறான்? பட்டாளத்துல இருந்த நீங்கதான் விளக்கணும்."

மூக்கையா ஈஸ்வரியைப் பார்த்தார். ஈஸ்வரி எழுந்தாள்.

"டீச்சர், அது சட்டுன்னு சொல்ற விசயம் இல்ல. அவருக்கு அந்த எடத்தப் பேசுனா மனசு தாங்காது. அடுத்த மாசம் வந்து விரிவாச் சொல்லுவாரு."

சிலர் அவரைப் பார்த்து ஆறுதலாகத் தலையசைத்தார்கள்.

கமுதி பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்ததும் மூக்கையா பெருமூச்சு விட்டார். "இன்னிக்கு என் மானத்தக் காப்பாத்திட்ட. அடுத்த மாசம் காய்ச்சல்னு சொல்லிரலாம். தப்பிச்சோம்."

"வாத்தியாரு ஒங்களுக்குன்னு இதக் குடுத்தாரு" என்று ஈஸ்வரி பையிலிருந்து ஒரு பார்சலை எடுத்து அவர் மடியில் வைத்தாள். தொடை நசுங்கியது.

"என்ன இது?"

"ரெண்டாம் பாகம். ஆயிரத்து நாப்பது பக்கம். அடுத்த மாசக் கூட்டம் நம்ம வீட்டுலதேன், காய்ச்சல்னாலும் படுத்துக்கிட்டே கருத்து சொல்லுவீகன்னு சொல்லிட்டு வந்திருக்கேன்."