மெத்தைக்கடியில் ஒரு வேவுகாரன்

சிவகாசி,
ஆடி மாதம்.

மரியாதைக்குரிய மாப்பிள்ளை செழியன் அவர்களுக்கு,

மாமனார் தங்கச்சாமி எழுதிக்கொண்டது. இங்கே உங்கள் அத்தை சின்னத்தாயும் நானும் நலம். கோயம்புத்தூரில் நீங்களும் மகள் மாரிசெல்வியும் நலமாயிருக்க இருக்கன்குடி மாரியம்மன் துணை. நான் நலம் என்பதை மறுபடியும் ஒருமுறை வாசிக்கவும்.

போன மாதம் என் கட்டில் மெத்தைக்கடியில் ஒரு பட்டையை வைத்துவிட்டுப் போனீர்களே, அது விஷயமாகத்தான் எழுதுகிறேன். உடம்பில் ஒட்ட வேண்டாம், கட்ட வேண்டாம், சும்மா படுத்தாலே இதயத் துடிப்பைக் கவனித்து, கோளாறு இருந்தால் முன்கூட்டியே உங்கள் போனுக்குச் சொல்லிவிடும் என்றீர்கள். நான் பட்டாசுக் கம்பெனியில் போர்மேனாக இருந்தவன். திரியைப் பார்த்தே வெடிக்குமா, புஸ்ஸாகுமா என்று சொல்லிவிடுவேன். இது எப்படி அம்புட்டுப் பஞ்சையும் தாண்டி நெஞ்சுக்குள்ள எட்டிப் பாக்குது? மனசு கேக்கல மாப்பிள்ளை. ஒரு பூசணிக்காயைப் படுக்க வச்சுப் பாத்தேன். கம்முனு இருந்துச்சு. பக்கத்து வீட்டு முத்துமாரியோட ஆட்டுக்குட்டியைப் படுக்க வச்சேன். உடனே நீங்க போன்ல, "மாமா, நெஞ்சு ஏன் இப்படி ஓடுது? அசையாமப் படுங்க!"ன்னு அலறுனீக. ஆட்டுக்குட்டின்னு சொல்ல வெக்கப்பட்டு, மாடி ஏறுனேன்னு சொல்லிட்டேன். அன்னைக்கே மிஷின் மேல எனக்குப் பெரிய மரியாதை வந்துருச்சு.

அந்த மரியாதை போன வாரத்தோட போச்சு. இருக்கன்குடிக்கு மாலை போட்டு, கறி, மீனு, மெத்தை, சுருட்டு எல்லாத்தையும் விட்டுட்டு விரதமா இருக்கிற மனுசனை, "துடிப்பு தாளம் தப்புது, டாக்டரைப் பாருங்க"ன்னு மதுரைக்கு விரட்டுனீக. அங்கன போனா லிப்ட் ரிப்பேர். உங்க அத்தை பாதிப் படியிலயே வேர்த்து ஊத்தி உக்காந்துட்டா. "ஏ சின்னத்தாயி, நோவு எனக்கா உனக்கா?"ன்னு ஒரு ஏச்சு ஏசுனேன். "ஆடிக் காத்துல மூச்சு அடைக்குதுங்க, நீங்க போங்க"ன்னா. மாலை போட்டவன் சவரமே பண்ணக்கூடாது, அங்க என்னடான்னா ஒயரு ஒட்டணும்னு நெஞ்சையே சிரைச்சுட்டாக! ஸ்கேனும் எடுத்துட்டு டாக்டர், "பெரியவரே, உங்க நெஞ்சு புது லாரி இன்ஜின் மாதிரி இருக்கு, யாரு உங்களை அனுப்புனது?"ன்னு கேட்டார். குடும்ப மானம் கருதி உங்க பேரைச் சொல்லல.

ஆகவே பொய் சொல்லும் அந்தப் பட்டையைத் தாங்களே நேரில் வந்து கழற்றிக்கொண்டு போகவும். மகளும் நீங்களும் தீபாவளி ஆர்டர் போலப் பெருகி வாழ என் ஆசீர்வாதம்.

இப்படிக்கு,
பழுதில்லாத நெஞ்சுடன்,
தங்கச்சாமி

பின்குறிப்பு: தபாலில் போடும் முன் இதை உங்கள் அத்தைக்கு வாசித்துக் காட்டினேன். ஆட்டுக்குட்டிக்குச் சிரிச்சவ, கடைசியில, "ஏங்க, மாலை போட்டதுலருந்து நீங்க பாயிலல்ல படுக்கீக? கட்டில்ல படுக்கிறது நானு"ன்னா. "உனக்கு என்ன பண்ணுது?"ன்னு கேட்டேன். "கொஞ்ச நாளா நெஞ்சு படபடங்குது, கோயிலுக்குப் போயிட்டு வந்து சொல்லலாம்னு இருந்தேன்"ங்கா. இப்ப அதே ஆஸ்பத்திரி வராந்தாவுல உக்காந்துதான் எழுதுறேன். துடிப்பு தப்புறது நெசந்தானாம். ஆரம்பத்துலயே தெரிஞ்சதால மாத்திரையில கட்டுப்படுத்திரலாம்னு டாக்டர் சொல்லிட்டார். படியில அவளை ஏசுனதுதான் மாப்பிள்ளை, எனக்குச் சோறு இறங்க மாட்டேங்குது. பட்டையைக் கழட்ட வராதீக, அவளைப் பாக்க வாங்க. விரதம் முடிஞ்சாலும் கட்டில் அவளுக்குத்தான். நான் பாயிலயே படுத்துக்கிறேன்.