இருவரும் அவரவர் முகத்துடன் நலம்

அன்புள்ள மாப்பிள்ளை அவர்களுக்கு,

மாமனார் எழுதுவது. இங்கே நானும் உங்கள் அத்தையும் அவரவர் முகத்துடன் நலமாக இருக்கிறோம். அங்கே நீங்களும் பாப்பாவும், உங்கள் வண்டியின் பிரேக்கும் நலமாக இருக்க வேண்டும் என்பதே என் விருப்பம். போனில் சொல்லாமல் எதற்குக் கடிதம் என்று நினைப்பீர்கள். எங்கள் வீட்டில் இருப்பது ஒன்றரை அறை. நான் போனில் எதைச் சொன்னாலும் உங்கள் அத்தை அடுப்படியிலிருந்தே திருத்தம் போடுவாள். நான் சொல்ல வந்ததோ அவள் காதில் விழக் கூடாதது. அதனால் கரண்ட் ஆபீசுக்குப் புகார் எழுதுவதாகச் சொல்லிவிட்டு உட்கார்ந்திருக்கிறேன்.

முதலில் நன்றி. அன்றைக்கு இறங்கும் அவசரத்தில் கையை மட்டும் ஆட்டினேன், வாயைத் திறக்கவில்லை. பாப்பா உங்களிடம் விஷயத்தைப் பாதிதான் சொல்லியிருப்பாள். ஏனென்றால் அவளிடம் நான் சொன்னதே பாதிதான். மீதியையும் கேளுங்கள்.

உங்கள் அத்தை ஓட்டுப் போடாத தேர்தல் கிடையாது. பாப்பா வயிற்றில் இருந்தபோது வரிசையில் நின்று போட்டுவிட்டு, அங்கிருந்து நேராக ஆஸ்பத்திரிக்குப் போனவள். இத்தனை வருடமும் சாவடிக்குப் போனால் பேரைச் சொல்வாள், தெருவைச் சொல்வாள், உள்ளே அனுப்பிவிடுவார்கள். இந்த முறை சட்டம் மாறிவிட்டது. படம் போட்ட அட்டை இல்லாதவர்களுக்கு ஓட்டு இல்லையாம். வண்டி ஓட்டுகிறவர்களுக்கு லைசென்ஸ் இருக்கிறது, வெளிநாடு போகிறவர்களுக்குப் பாஸ்போர்ட் இருக்கிறது. நான் ஆயுசு முழுக்க லிஃப்ட் ஓட்டியவன். அதற்கு யாரும் லைசென்ஸ் கேட்கவில்லை. ஏறி இறங்கிய தூரத்தைக் கூட்டினால் நிலாவுக்கே போயிருக்கலாம், ஆனால் தினமும் தரைத்தளத்தில்தான் இறக்கிவிட்டார்கள். உங்கள் அத்தை வீட்டிலேயே தையல் மெஷினோடு இருந்தவள். தெருவில் பாதிப் பேர் போட்டிருக்கும் துணியில் அவள் தையல் இருக்கிறது, அவள் முகம் மட்டும் எந்த அட்டையிலும் இல்லை.

சரி, எடுத்துவிடுவோம் என்று கிளம்பினோம். அட்டை கொடுக்கிற ஆபீஸ் இரண்டு பஸ் மாறிப் போக வேண்டிய இடத்தில் இருக்கிறது. முதல் தடவை போனபோது கதவில் பூட்டு, மதியத்தோடு மூடிவிடுவார்களாம். இரண்டாம் தடவை வீட்டு விலாசத்துக்கு அத்தாட்சி கேட்டார்கள். கரண்ட் பில் என் பேரில் இருக்கிறது. "அப்ப இவங்க அந்த வீட்லதான் இருக்காங்கன்னு எப்படித் தெரியும்?" என்று கேட்டார் அங்கிருந்தவர். "அந்த வீட்ல யாரு சோறாக்குறான்னு இவரைக் கேளுங்க சார்" என்றாள் உங்கள் அத்தை. அந்த அத்தாட்சியை அவர்கள் ஏற்கவில்லை. மூன்றாம் தடவை எல்லாம் சரியாக அமைந்து, காமிரா முன்னால் போய் உட்கார்ந்தோம். சிரிக்கக் கூடாது, பல் தெரியக் கூடாது என்றார் படம் எடுத்த பெண். "சிரிக்காத முகம்தானே வேணும்? கல்யாணம் ஆன நாள்லேர்ந்து அதுதாம்மா இருக்கு" என்றாள் இவள். அந்தப் பெண் சிரித்துவிட்டாள், படம் எடுக்கும் கை ஆடிவிட்டது. எல்லோரும் நல்ல மனிதர்கள், மாப்பிள்ளை. நான் யாரையும் குறை சொல்ல மாட்டேன்.

தேர்தலுக்கு முதல் நாள் சாயங்காலம் தபாலில் அட்டைகள் வந்தன. ஒன்றில் உங்கள் அத்தையின் பேர், பிறந்த தேதி, எல்லாம் சுத்தமாக இருந்தது. படத்தில் மட்டும் மீசையோடு நான் இருந்தேன். இன்னொன்றில் என் பேருக்கு மேலே அவள், சிரிக்காமல். மெஷின் படத்தை மாற்றிப் போட்டுவிட்டது. மெஷினுக்கு என்ன தெரியும், பாவம். நான் சொன்னேன், "ரெண்டு பேரும் சேர்ந்தே போவோம். மொத்தமாப் பார்த்தா கணக்கு சரியாத்தானே இருக்கு? ரெண்டு பேரு, ரெண்டு முகம்." உங்கள் அத்தை என்னைப் பார்த்த பார்வையை விவரிக்க மாட்டேன்.

சாவடி, பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் சின்னப் பிள்ளைகளின் வகுப்பறை. பெஞ்சுகளைச் சுவரோரம் ஒதுக்கியிருந்தார்கள். மேசையில் உட்கார்ந்திருந்தது எங்கள் மாடிவீட்டு டீச்சர். அப்பாடா என்று எனக்கு மூச்சு வந்தது. டீச்சர் இரண்டு அட்டையையும் வாங்கிப் பார்த்தார். திருப்பிப் பார்த்தார். எங்களைப் பார்த்தார்.

"எனக்கு உங்களைத் தெரியாதாக்கா? நேத்துக்கூட உங்க வீட்லதான் ஏணி வாங்கிட்டுப் போனேன். ஆனா இதுல அண்ணன்தானே இருக்கார்!"

"தெரியுதுல்ல? அப்ப விடு, போட்டுட்டுப் போறேன்."

"எனக்குத் தெரிஞ்சா பத்தாதுக்கா. அட்டைக்குத் தெரியணும்."

டீச்சரின் கண் கலங்கிவிட்டது. உங்கள் அத்தை அவருக்கு ஆறுதல் சொல்ல வேண்டியதாகிவிட்டது. எங்களுக்குப் பின்னால் ரொட்டிக்கடைப் பெரியவர் நின்றிருந்தார், தெரியுமல்லவா, கடையை மகனிடம் விட்டுவிட்டுத் தனியாக இருப்பவர். அவரிடம் எந்த அட்டையும் இல்லை. இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "சரி, நான் வரேன்" என்று யாரிடமோ சொல்வதுபோலச் சொல்லிவிட்டுத் திரும்பி நடந்துவிட்டார். நல்ல சட்டை போட்டு, தலை வாரி வந்திருந்தார். கூப்பிட்டேன், காதில் விழவில்லை.

எங்களுக்கு டீச்சர் ஒரு வழி சொன்னார். இப்போது ஓட்டுச் சீட்டில் முத்திரை குத்தி உறைக்குள் போட்டு ஒட்டிவிடலாம். அந்த வாரத்துக்குள் சரியான அட்டையைத் தேர்தல் ஆபீசில் காட்டினால் உறையைப் பிரித்து எண்ணுவார்கள், காட்டாவிட்டால் பிரிக்காமலே குப்பைக்குப் போகும். இருவரும் போட்டோம். உங்கள் அத்தை அந்த உறையைத் தடவிக்கொண்டே கொடுத்தாள். மறுநாள் அட்டை ஆபீசுக்குப் பஸ் பிடித்தால் வழியில் பஸ் நின்றுவிட்டது. அதற்கு அடுத்த நாள் போனால், தவறான அட்டையைத் திருத்த வேண்டும் என்றால் சரியான அட்டை வைத்திருக்கும் உறவினர் ஒருவர் நேரில் வந்து, இவர்தான் இவர் என்று கையெழுத்துப் போட வேண்டும் என்றார்கள். நான் புருஷன், நான் போடுகிறேன் என்றேன். "உங்க அட்டையில அவங்க முகம்தானே இருக்கு? நீங்க யாருன்னே எங்களுக்குத் தெரியலையே" என்றார்கள். நியாயம்தான். வெளியே வந்து பாப்பாவுக்குப் போன் போட்டேன். அவளுக்கு லீவு கிடைக்கவில்லை. "அவரை அனுப்புறேம்பா" என்றாள். "அம்மாகிட்டச் சொல்லிடாதீங்க, வேணாம்பாங்க" என்றும் சொன்னாள்.

கடைசி நாள் காலையில் நீங்கள் டெலிவரி கொடுக்க வேண்டிய ஃபிரிட்ஜோடு வாசலில் வந்து நின்றீர்கள். உங்கள் அத்தை உங்களை வண்டிக்காரன் என்று சொல்வாள் என்பது உங்களுக்குத் தெரியாதது அல்ல. எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் ரிஜிஸ்டர் ஆபீசில் தாலி கட்டாமல் கையெழுத்துப் போட்டுப் பாப்பாவைக் கூட்டிப்போன கோபம் அவளுக்கு. அன்றும் நான் நடுவில் உட்கார்ந்து இரண்டு பக்கமும் தபால் பட்டுவாடா செய்தேன். "மெதுவா ஓட்டச் சொல்லுங்க." "மெதுவாத்தான் ஓட்டுறேன்னு சொல்லுங்க மாமா." நீங்கள் முகம் சுளிக்கவில்லை. அதற்கும் ஒரு நன்றி.

இனிமேல்தான் உங்களுக்குத் தெரியாதது. எங்களை அட்டை ஆபீஸ் வாசலில் இறக்கிவிட்டு நீங்கள் வண்டி நிறுத்த இடம் தேடிப் போய்விட்டீர்கள். உள்ளே கூட்டம். எங்கள் முறை வந்ததும் மேசையில் இருந்த அம்மாள், "யாரு சாட்சி? கூட வந்தவர் உங்களுக்கு என்ன வேணும்?" என்று உங்கள் அத்தையைக் கேட்டார்.

இவள் முதலில் முந்தானையைச் சரிசெய்தாள். பிறகு, "தெரிஞ்சவர்" என்றாள்.

"தெரிஞ்சவர்லாம் ஆகாதும்மா. உறவு இருக்கணும். உறவு இல்லேன்னா அடுத்தவங்களை விடுங்க."

உங்கள் அத்தை தரையைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். நான் மேலே சுற்றிக்கொண்டிருந்த மின்விசிறியைப் பார்த்தேன், எனக்கு வேறு என்ன தெரியும்? அவள் முணுமுணுத்தாள்.

"சத்தமாச் சொல்லுங்கம்மா, காதுல விழல."

"மாப்பிள்ளைங்க!" என்று கத்தினாள் பாருங்கள், வரிசை மொத்தமும் திரும்பியது. "என் மாப்பிள்ளை! என் ஒரே பொண்ணோட புருஷன்! வேலையை விட்டுட்டு எங்களுக்காக வந்திருக்கார். வண்டி நிறுத்த இடம் கெடைக்காம வெளிய சுத்திக்கிட்டிருக்கார். நீங்க கொஞ்சம் பொறுத்துக்கக் கூடாதா?"

வந்திருக்கார் என்றாள், மாப்பிள்ளை. வந்திருக்கான் என்று சொல்லவில்லை. நான் என் இரண்டு காதாலும் கேட்டேன். நீங்கள் வியர்த்து ஓடி வந்தபோது வரிசையில் எல்லோரும் உங்களுக்கு வழிவிட்டார்களே, ஏன் என்று யோசித்தீர்களா? இதனால்தான். நீங்கள் கையெழுத்துப் போட்டீர்கள், திருத்தத்துக்குத் தபால் கிடையாதாம், புது அட்டை இரண்டும் அப்போதே கைக்கு வந்தன, தேர்தல் ஆபீசுக்குப் பறந்தோம், இரண்டு உறையையும் எண்ணிக்கைக்கு எடுத்துக்கொண்டார்கள். அது உங்களுக்குத் தெரியும். நீங்கள் போன பிறகு உங்கள் அத்தை ஜன்னலோரம் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அந்த ஃபிரிட்ஜ்காரங்க அவரை ஏசியிருப்பாங்க" என்றாள். இது உங்களுக்குத் தெரியாது.

அவள் ஓட்டுப் போட்டவர் ஜெயித்தாரா என்று கேட்டேன். அது ரகசியம் என்றாள். எனக்கு அது முக்கியமில்லை. ரொட்டிக்கடைப் பெரியவரைத்தான் நினைத்துக்கொண்டே இருக்கிறேன். அவருக்கு வண்டி வைத்திருக்கிற மாப்பிள்ளை இல்லை. அடுத்த தேர்தலுக்குள் அவருக்கும் ஓர் அட்டை எடுத்துவிட வேண்டும். அவர் சம்மதித்துவிட்டார். உங்கள் வண்டியில் இன்னும் ஒருவருக்கு இடம் இருக்குமா?

உங்களுக்கும் பாப்பாவுக்கும் எங்கள் ஆசிகள். போகும் வழியெல்லாம் உங்களுக்கு வண்டி நிறுத்த இடம் கிடைக்கட்டும்.

என்றும் நன்றியுள்ள,
மாமனார்

பி.கு: நான் அத்தை எழுதுகிறேன். கரண்ட் ஆபீசுக்கு எதற்கு 'அன்புள்ள மாப்பிள்ளை' என்று எட்டிப் பார்த்தேன். இவர் குளிக்கப் போயிருக்கிறார். இவர் எழுதியது ஒன்றையும் நம்ப வேண்டாம். மெஷின் ஒரு தப்பும் செய்யவில்லை. படம் எடுக்கிற இடத்தில் கொடுத்த டோக்கன் இரண்டையும் பாக்கெட்டில் வைத்திருந்தது இவர். என் நம்பரைக் கூப்பிட்டதும் இவர்தான் போய் நாற்காலியில் உட்கார்ந்தார். அப்போதே சொன்னேன், கேட்கவில்லை. நான் கத்தவும் இல்லை, அழவும் இல்லை. அந்த அம்மாவுக்குக் காது மந்தம். ஜன்னலில் ஒரே தூசி.

ஞாயிற்றுக்கிழமை வந்து சாப்பிட்டுவிட்டுப் போங்கள். பாப்பாவுக்கு லீவு கிடைக்காவிட்டால் பரவாயில்லை, நீங்கள் மட்டுமாவது வாருங்கள்.