பக்கத்தில் நிற்கும் தகுதி

“ஏரிக்கரையில புது வேலை ஆரம்பிக்கிறோம். எனக்குக் கீழ ஒரு மேற்பார்வையாளர் வேணும். குடியிருக்க வீடும் தர்றாங்க. யாருன்னு சீக்கிரமே சொல்லிடுவேன்” என்றார் எஞ்சினியர்.

கட்டி முடியாத அடுக்குமாடியின் கீழ்த்தளம். அந்தி நேரம். லிஃப்டுக்காகத் தோண்டிய குழியில் இடுப்பளவு தண்ணீர். அங்கிருந்து கொசுக்கள் ஷிஃப்டுக்குக் கிளம்புவதுபோல வந்துகொண்டிருந்தன. எஞ்சினியரின் கை ஸ்டோர் கீப்பரின் தோள்மேல் இருந்தது. இந்த நேரம் பார்த்தா ஸ்டோர் கீப்பர் வலது காலால் இடது காலைச் சொறிய வேண்டும்? தடுமாறி, சிமெண்ட் மூட்டைமேல் பொத்தென்று உட்கார்ந்துவிட்டார்.

“பார்த்துய்யா!” எஞ்சினியர் அவரைத் தூக்கி நிறுத்தி, மறுபடியும் பக்கத்திலேயே வைத்துக்கொண்டார்.

சில மாதங்களாகவே இப்படித்தான். மாலைச் சுற்றுக்கு ஸ்டோர் கீப்பர் இல்லாமல் எஞ்சினியர் ஓர் அடி நகர மாட்டார். “வாய்யா, பக்கத்துல வா. இன்னும் கொஞ்சம் பக்கத்துல.” இந்த அன்பை ஸ்டோர் கீப்பர் மாமனார் வீட்டில்கூடக் கண்டதில்லை. என்ன, கொசுதான் அவரைப் பிய்த்துத் தின்றது. எஞ்சினியர்மேல் ஒன்றுகூட உட்காராது. பெரிய பதவி என்றால் கொசுவுக்குக்கூட மரியாதை தெரிகிறதே என்று அவர் வியந்துபோவார்.

வீட்டில் விஷயத்தைச் சொன்னதும் மனைவியின் கண்கள் விரிந்தன.

“தனி வீடா? தனி அடுப்படியா?”

“எல்லாமே தனி.”

அடுப்படியில் ஓரகத்தி பாத்திரத்தை உருட்டும் சத்தம் கேட்டது. கல்யாணமாகி வந்த நாள்முதல் இருவருக்கும் ஒரே அடுப்படி. உப்பு ஜாடி இடம் மாறினால் போதும், ஒரு வாரம் பேச்சுவார்த்தை நின்றுவிடும்.

மனைவி குரலைத் தாழ்த்தினாள். “இங்க பாருங்க, எனக்கு அந்த வீடு வேணும். எத்தனை வருஷம்தான் நான் இவங்ககிட்ட அனுமதி கேட்டு டீ போடறது? மொதல்ல இந்தச் சொறியறதை நிறுத்துங்க. மேற்பார்வையாளர்னா ஒரு கம்பீரம் வேண்டாமா?”

மறுநாள் ஸ்டோர் கீப்பர் முழுக்கைச் சட்டை, முழங்கால்வரை காலுறை, கழுத்தைச் சுற்றித் துண்டு என்று கம்பீரமாகப் போய் நின்றார். புழுக்கத்தில் பாதி உயிர் போயிற்று.

“என்னய்யா, குளிர் காய்ச்சலா?” என்று சிரித்த எஞ்சினியர், படியேறும்போது பட்டென்று தன் காதிலேயே ஒன்று போட்டுக்கொண்டார். பிறகு முழங்கையில். இரண்டாம் மாடிக்குப் போகாமலே திரும்பிவிட்டார்.

“பாதியில ஏன் திரும்பினாரு?” என்று மனைவி துருவினாள்.

“தெரியலையே. மூஞ்சியே சரியில்லை.”

“வேர்வை நாத்தம் தாங்கியிருக்க மாட்டாரு. உங்களை வெச்சுக்கிட்டு நான் என்னதான் செய்ய!”

மருந்துக்கடையில் வாசனையாக ஒரு கொசு கிரீம் வாங்கி வந்து, அவள் கையாலேயே பூசி அனுப்பினாள். பலன் பிரமாதம். கொசுக்கள் ஸ்டோர் கீப்பரின் மூக்குவரை வந்து, தப்பான வீட்டுக்கு வந்துவிட்டோமே என்று திரும்பி, நேராக எஞ்சினியரிடம் போயின. மனிதர் நின்ற இடத்தில் குதிக்க ஆரம்பித்துவிட்டார்.

“சார், இந்தக் கிரீமைக் கொஞ்சம்...”

“ஐயோ, கிட்ட கொண்டுவராதே! எனக்கு ஒத்துக்காது. உடம்பெல்லாம் தடிச்சுடும்!”

நல்ல பெயர் கைநழுவிப் போவது ஸ்டோர் கீப்பருக்குப் புரிந்தது. அடுத்த நாள் கொசுவர்த்தியை ஏற்றி, சாமரம் வீசாத குறையாக எஞ்சினியரின் முகத்துக்கு நேரே பிடித்தபடி நடந்தார். எஞ்சினியர் இருமினார், கண்ணைக் கசக்கினார், கடைசியில் அதைத் தட்டிவிட்டார்.

“புகையும் ஒத்துக்காதுய்யா எனக்கு! மூச்சு இளைக்குது!”

அந்த நேரத்தில்தான் எஞ்சினியரின் பிடரியில் ஒரு கொழுத்த கொசு வந்து உட்கார்ந்தது. ஸ்டோர் கீப்பர் பார்த்தார். வீடு, அடுப்படி, மனைவியின் நிம்மதி எல்லாம் அந்தப் பிடரியில்தான் இருப்பதாக அவருக்குத் தோன்றியது. ஓங்கி ஒரு அறை விட்டார்.

காலித் தளம் முழுக்க அது எதிரொலித்தது. கொத்தனார்கள் கரணையைக் கீழே வைத்தார்கள்.

“கொசு சார்” என்று ஸ்டோர் கீப்பர் உள்ளங்கையை விரித்துக் காட்டினார். கையில் ஒன்றும் இல்லை.

எஞ்சினியர் கழுத்தைத் தடவிக்கொண்டே சுற்றிலும் பார்த்தார். தூரத்தில் கார்பெண்டர் ஒரு தூணில் முதுகைத் தேய்த்துக்கொண்டு, அளவுகோலால் காலையும் பரபரவென்று சொறிந்துகொண்டிருந்தார். எஞ்சினியரின் முகம் மெல்ல மலர்ந்தது.

“நீ இங்க வாய்யா. பக்கத்துல வா. இன்னும் பக்கத்துல.”

மேற்பார்வையாளர் பதவி கார்பெண்டருக்குப் போயிற்று. அவர் அந்த நல்ல சேதியைக் கேட்டதுகூடச் சொறிந்துகொண்டேதான். அதையும் எஞ்சினியர் ஆசையாகத்தான் பார்த்தார்.

ஸ்டோர் கீப்பருக்கு அழுகையே வந்துவிட்டது. வீட்டுக்குப் போய் எந்த முகத்தோடு சொல்வது? வாசலில் காரைத் துடைத்துக்கொண்டிருந்த எஞ்சினியரின் டிரைவரிடம் போய்ப் புலம்பித் தீர்த்தார்.

“கம்பீரமா நின்னேன், வாசனையா நின்னேன், அவருக்காகப் புகைகூடப் போட்டேன். அந்தக் கார்பெண்டர் நம்ம சார் முன்னாடியே முதுகைச் சொறியறான்! அப்படி என்னத்தப்பா கண்டுட்டாரு அவன்கிட்ட?”

டிரைவர் துணியைப் பிழிந்துகொண்டே, கிரீம் மின்னும் ஸ்டோர் கீப்பரின் கையைப் பரிதாபமாகப் பார்த்தார்.

“ஐயாவுக்குக் கிரீமும் ஒத்துக்காது, புகையும் ஒத்துக்காதுண்ணே, அவருக்குச் சேர வேண்டிய கடியெல்லாம் வாங்கிக்க, கொசுவுக்குப் பிடிச்ச ஆளு ஒருத்தர் பக்கத்துல நின்னாதான் ஒத்துக்கும்.”