முள்ளம்பன்றியும் ரிப்பேர் ஸ்டாண்டும்

ஒரு காட்டில் என்றுதான் ஆரம்பிக்க வேண்டும், அதுவரைக்கும் எனக்குத் தெரியும். அதற்கப்புறம்தான் பயமாக இருக்கிறது. எந்தக் காடு என்று யாராவது கேட்டால் என்ன சொல்வது? கரடியைப் பற்றி ஒரு வார்த்தை கூடக்குறைய வந்துவிட்டால் கரடி வீட்டார் வாசலில் வந்து நிற்பார்களோ? சரி, தெரிந்த மாதிரி சொல்கிறேன். தப்பு இருந்தால் நீங்களே திருத்திப் படித்துக்கொள்ளுங்கள்.

அந்தக் காட்டில் வடிவாம்பாள் என்று ஒரு முள்ளம்பன்றி இருந்தாள். அவித்த வேர்க்கடலை விற்பது அவள் தொழில். தினமும் சாயங்காலம் கடலைச் சட்டியைச் சைக்கிளின் பின்னால் கட்டிக்கொண்டு குளத்தங்கரை மருத மரத்தடிக்குப் போவாள். யானைகள் தண்ணீர் குடிக்க வரும்போது கடலையில் ஆவி பறக்க வேண்டும். கொஞ்சம் பிந்தினாலும் போச்சு. சோளக்கதிர் சுடும் அணில் சின்னான் அந்த இடத்தில் சாக்கை விரித்துவிடுவான். அவன் ஒருமுறை விரித்த சாக்கை மடித்ததாகக் காட்டில் யாரும் பார்த்ததில்லை.

இந்த லட்சணத்தில் வடிவின் சைக்கிள் ஓயாமல் பஞ்சர் ஆனது.

பஞ்சர் ஆனால் கரடி பொன்னுரங்கத்தின் கடைக்குத் தள்ளிக்கொண்டு ஓடுவாள். கரடி சைக்கிளைக் கவிழ்த்துப் போட்டு, டியூபை உருவி, தண்ணீரில் அமுக்கிக் குமிழ் வருகிற இடத்தைப் பார்ப்பான். டயரிலிருந்து எதையோ பிடுங்கித் தான் உட்காரும் கோணிக்கு அடியில் செருகுவான்.

"கருவேல முள்ளு, தங்கச்சி. இந்தப் பாதையே இப்படித்தான்."

"சீக்கிரம்ணே, சின்னான் சாக்கை உதறிக்கிட்டு இருப்பான்."

"வரிசையில நரி வண்டி இருக்கு, மான் வண்டி இருக்கு. எல்லாருக்கும் அவசரம்தாம்மா."

அப்போதுதான் வடிவின் செல்போனில் ஒரு படம் வந்தது. மூன்று காலில் நிற்கும் ஓர் இரும்பு ஸ்டாண்டு. மேலே ஒரு பிடி. அந்தப் பிடி சைக்கிளைக் கவ்வி அந்தரத்தில் தூக்கிக்கொண்டு நின்றது. பக்கத்தில் ஒரு குரங்கு குனியாமல் நிமிராமல், சீட்டியடித்தபடி பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்தது. ஒரு நிமிடம் நின்று பார்த்த பாவத்துக்கு, அன்றிலிருந்து போன் அவளுக்கு அந்த ஸ்டாண்டைத் தவிர வேறெதையும் காட்டவில்லை.

வாங்கலாமா, வேண்டாமா? வாங்கினால் வளைக்குள் எங்கே வைப்பது? பிடி நழுவி சைக்கிள் தலையில் விழுந்தால்? ஊரில் உள்ளவர்களெல்லாம் இரவல் கேட்டால்? கொடுக்கவில்லை என்றால் பொல்லாப்பு. கொடுத்தால் ஸ்டாண்டு திரும்பி வராது.

வீட்டுக்காரரைக் கேட்டாள். அவர் கிழங்கைக் கடித்துக்கொண்டே, "உன் இஷ்டம்" என்றார்.

"வாங்கி, அது உபயோகப்படலைன்னா?"

"நான் அப்பவே சொன்னேனேன்னு சொல்லுவேன்."

கரடியைக் கேட்டாள். கரடி பம்பைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தான். "அதெல்லாம் வெளிநாட்டுச் சைக்கிளுக்கு. நம்ம வண்டியை அதுல மாட்டினா ஸ்டாண்டு உடையும், இல்லேன்னா வண்டி உடையும். அண்ணன் நான் இருக்கேன்ல?"

எங்கே போனாலும் இதே யோசனை. சைக்கிள் மிதிக்கும்போதும் இதே யோசனை. யோசனை கூடக்கூட முதுகில் முள் சிலிர்த்துக்கொண்டது. ஒருநாள் குளத்துக்குப் போகிற வழியில் மறுபடியும் புஸ்ஸென்று காற்று இறங்கியது. ஆள்காட்டிக் குருவி குப்பாயி தலைக்கு மேலே வட்டமடித்தாள். காட்டில் எது நடந்தாலும் கத்திச் சொல்கிறவள் அவள்.

"அடியே வடிவு! இன்னமும் ரோட்டையே பார்க்கறியே, உன் முதுகைப் பாருடி!"

"என் முதுகுல என்ன?"

"உன் முள்ளுதான்டி உன் டயர்ல ஏறுது! நீ சிலிர்க்கிறே, அது உதிருது, பின்சக்கரம் ஏறுது! மேலேருந்து தினமும் பார்த்துக்கிட்டுத்தானே இருக்கேன்!"

வடிவு சண்டைக்குப் போகலாம் என்று உடம்பை உலுக்கினாள். அவள் கண் முன்னாலேயே கறுப்பும் வெள்ளையுமாக ஒரு முள் கீழே விழுந்தது.

நேரே கரடி கடைக்குப் போய்க் கோணியைத் தூக்கிப் பார்த்தாள். அடியில் இருந்ததெல்லாம் கறுப்பும் வெள்ளையும்தான்.

"அண்ணே, உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்மா."

"அப்புறம் ஏன் சொல்லல?"

"சொன்னா நீ மனசு கஷ்டப்படுவே. மனசு கஷ்டப்பட்டா முள்ளு இன்னும் சிலிர்க்கும். உன் நல்லதுக்குத்தான் தங்கச்சி."

மறுநாள் வடிவு கவலையே படக்கூடாது என்று முடிவு செய்துகொண்டு சைக்கிளில் ஏறினாள். கவலைப்பட்டுவிடுவோமோ என்ற கவலையில் முன்சக்கரம், பின்சக்கரம் இரண்டும் போயின. சைக்கிளைத் தள்ளிக்கொண்டு குளத்தங்கரைக்கு வந்தபோது யானைகள் சோளம் மென்றுகொண்டிருந்தன. மருத மரத்தடியில் சாக்கு.

"வாங்கக்கா" என்றான் சின்னான். "ஒரு கதிர் சாப்பிடறீங்களா? சூடா இருக்கு."

ஆறிப்போன கடலையோடு வடிவு திரும்பி நடந்தாள். இனி எங்கே உட்கார்ந்து விற்பது என்ற கவலையில் முள் மறுபடியும் சிலிர்த்தது. பாதை வளைவில் மான் சைக்கிளைப் படுக்கப் போட்டுவிட்டு நின்றது. அதற்கப்பால் நரி. அதற்கும் அப்பால் ஒரு காட்டெருமை, அச்சு வரை மண்ணில் புதைந்த சக்கரத்தைத் திட்டிக்கொண்டிருந்தது.

"பாழாப்போன கருவேல முள்ளு, வடிவக்கா" என்றது மான். "நீங்க ரிப்பேர் ஸ்டாண்டு வாங்கப் போறீங்களாமே? வாங்கினா சொல்லுங்க. கரடி கடையில நின்னு நின்னு காலு போச்சு." பேசிக்கொண்டே சட்டியில் கைவிட்டு ஒரு பிடி கடலை எடுத்து மென்றது. நரியும் வந்தது. காட்டெருமையும் வந்தது. பஞ்சரான வண்டியோடு நிற்கிறவனுக்குக் கடலை ஆறியிருந்தால் என்ன, சூடாக இருந்தால் என்ன?

வடிவுக்கு வாழ்க்கையில் முதல் முறையாக யோசிக்க வேண்டியதாக இல்லை. அன்றே போனில் ஸ்டாண்டுக்குச் சொல்லிவிட்டாள்.

இப்போது அந்த வளைவில் ஸ்டாண்டு நிற்கிறது. பக்கத்தில் அடுப்பும் கடலைச் சட்டியும். காலையில் வடிவு பாதையில் ஒரு நடை நடந்துவிட்டு வருவாள். நடக்கும்போது பிள்ளைகளை, மழையை, வீட்டுக்காரரின் இருமலை, எல்லாவற்றையும் நினைத்து நன்றாகக் கவலைப்படுவாள். கடைக்குத் திரும்புவதற்குள் மனசும் முதுகும் லேசாகிவிடும். வெயில் ஏறுவதற்குள் வண்டிகள் வரத் தொடங்கும்.

கரடி ஒருநாள் மூச்சிரைக்க வந்தான். "என்ன தங்கச்சி, சொல்லாம கொள்ளாம கடை போட்டுட்டே?"

"சொன்னா மனசு கஷ்டப்படுவீங்கன்னுதாண்ணே."

அது யார் முள் என்று ஊரைக் கூட்டிச் சொல்லிவிடலாமா என்று கரடி வாயைத் திறந்தான். இத்தனை நாள் நீ ஏன் சொல்லவில்லை என்று ஊர் கேட்குமே என்று மூடிக்கொண்டான். குப்பாயிக்கு மட்டும் நேரம் தவறாமல் ஒரு கை கடலை போய்ச் சேர்ந்துவிடும். அலகு நிறையக் கடலை இருந்தால் எந்தக் குருவியாலும் கத்த முடியாது.

ஒருநாள் வீட்டுக்காரர் கேட்டார்: "கடைக்கு ஏன் நடந்தே போறே? உன் சைக்கிள் எங்கே?"

"வித்துட்டேங்க" என்றாள் வடிவு. "அந்தப் பாதையில யாராவது சைக்கிள் ஓட்டுவாங்களா? ஒரே முள்ளு."

நீதி: உன் குறையைத் திருத்திக்கொள்ள அவசரப்படாதே; அது உதிர்கிற இடத்தில் ஒரு கடை போட முடியுமா என்று முதலில் பார்.